பிழையின் வேர் தேடி

நுழையும்முன்

திறன்பேசியில் ஒரு செயலியைத் தொட்டதும் அது விரிகிறது, மறுகணமே மறைந்துவிடுகிறது. பயன்படுத்துவோருக்கு அது சிறு எரிச்சல். அதனை உருவாக்கியவருக்கோ அது விடை காண வேண்டிய புதிர். அப்புதிரை அவிழ்க்கச் செயற்கை நுண்ணறிவு உதவிக்கருவிகள் இன்று துணைக்கு வருகின்றன. அவை எவ்வாறு உதவுகின்றன? எங்கே தவறுகின்றன? பிழையை மறைப்பதற்கும் பிழையைக் களைவதற்கும் உள்ள வேறுபாடு யாது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

செயலி ஏன் நின்றுவிடுகிறது?

செயலி என்பது கட்டளைகளின் தொகுப்பு. அக்கட்டளைகளை நிரலாளர் எழுதுகிறார். திறன்பேசியின் செயலகம் அவற்றை ஒவ்வொன்றாக நிறைவேற்றுகிறது. நிறைவேற்ற இயலாத கட்டளை ஒன்று குறுக்கிட்டு, அந்நிலையில் என்ன செய்ய வேண்டும் என்பதும் சொல்லப்படாதிருந்தால், இயங்குதளம் அச்செயலியை நிறுத்திவிடுகிறது. இதனையே நிரலாளர்கள் ‘கிராஷ்’ என்பர். தமிழில் செயலி முடக்கம் எனலாம்.

முடக்கத்திற்குக் காரணங்கள் பல. பத்துப் பெயர்கள் கொண்ட பட்டியலில் பதினோராவது பெயரைக் கேட்பது ஒன்று. இன்னும் உருவாக்கப்படாத பொருளைப் பயன்படுத்த முனைவது மற்றொன்று. நினைவகம் தீர்ந்துபோவது பிறிதொன்று. திறன்பேசியில் எடுத்த ஒளிப்படம் கோப்பாக இருக்கும்போது சில மெகாபைட் அளவே இருக்கும். ஆனால் 4000 படப்புள்ளி அகலமும் 3000 படப்புள்ளி உயரமும் கொண்ட அப்படத்தைத் திரையில் காட்ட, ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் ஏறத்தாழ 48 மெகாபைட் நினைவகம் வேண்டும். அத்தகைய படங்கள் இருபதை ஒரே நேரத்தில் ஏற்றும் செயலி, விலை உயர்ந்த திறன்பேசியில் நன்கு இயங்கி, எளிய திறன்பேசியில் முடங்கிப்போவதன் காரணம் இதுவே.

முடக்கம் வேறு, உறைநிலை வேறு. ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில், பயனர் திரையைத் தொட்ட பின்னும் 5 நொடிகள் வரை செயலி மறுமொழி தராவிட்டால், அது ‘பதிலளிக்கவில்லை’ என்று இயங்குதளம் அறிவிக்கும். அங்கே செயலி இறந்துவிடவில்லை. வேறொரு வேலையில் சிக்கிக்கொண்டிருக்கிறது.

முடக்கம் என்பது கேடு மட்டுமன்று. ஒருவகையில் அது தற்காப்பும் ஆகும். தவறான நிலையில் தொடர்ந்து இயங்கித் தவறான கணக்கை எழுதி வைப்பதைவிட, நின்றுவிடுவது நல்லது. நின்ற செயலி தன் குறையைத் தானே அறிவிக்கிறது. நிற்காமல் தவறு செய்யும் செயலியின் குறையை அறிவிப்பார் யாருமில்லை. இவ்வுண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், பிழைநீக்கம் என்னும் கலையின் உட்பொருள் விளங்கும்.

பூச்சியிலிருந்து பிழைக்கு

நிரலில் உள்ள பிழையைப் ‘பக்’ என்று ஆங்கிலத்தில் வழங்குவர். பூச்சி என்பது அதன் பொருள். கருவிகளில் தோன்றும் குறைகளை அச்சொல்லால் குறிக்கும் வழக்கம் கணினிக்கு முந்தையது. தாமஸ் ஆல்வா எடிசன் 1878 ஆம் ஆண்டிலேயே தம் கடிதம் ஒன்றில் அச்சொல்லை அவ்வாறு கையாண்டிருக்கிறார்.

1947 ஆம் ஆண்டு செப்டம்பர் 9 ஆம் நாள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினி சரியாக இயங்கவில்லை. பணியாளர்கள் அதனைத் திறந்து பார்த்தபோது மின்தொடர்த்தி ஒன்றனுள் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதனை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, உண்மையான பூச்சியே அகப்பட்டுவிட்டது என்னும் கருத்துப்படக் குறித்து வைத்தனர். அப்பதிவேடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. கணினி அறிவியல் முன்னோடி கிரேஸ் ஹாப்பர் இந்நிகழ்வைப் பல மேடைகளில் எடுத்துரைத்தார்.

அப்பணியாளர்கள் செய்தவை மூன்று. கணினி நின்ற இடத்தைத் தேடினர். நின்றதற்கான பொருளைக் கண்டனர். கண்டதை நாளும் நேரமும் இட்டுப் பதிந்தனர். கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆயினும் பிழைநீக்கத்தின் அடிப்படை அம்மூன்று செயல்களே.

தெரிந்து தெளிவோம்

பிரித்தானியக் கணினி அறிவியலாளர் டோனி ஹோர், 1965 ஆம் ஆண்டு அல்கோல் டபிள்யூ என்னும் நிரல்மொழியை வடிவமைத்தபோது, எப்பொருளையும் சுட்டாத ‘வெற்றுச் சுட்டு’ என்னும் கருத்தை அதில் சேர்த்தார். பின்னாளில் எண்ணற்ற மென்பொருள் முடக்கங்களுக்கு அதுவே காரணமாயிற்று. 2009 ஆம் ஆண்டு ஆற்றிய உரையில் அதனைத் தம்முடைய ‘நூறு கோடி டாலர் தவறு’ என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதுவதற்குரிய மொழியாகக் கூகுள் நிறுவனம் 2017 ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட கோட்லின், வெற்றாக இருக்கக்கூடிய பொருளையும் இருக்கக்கூடாத பொருளையும் எழுதும்போதே பிரித்துக் காட்டி, அவ்வகைப் பிழையைக் குறைக்கிறது.

தடயம் பேசும்

செயலி முடங்கும்போது இயங்குதளம் ஒரு குறிப்பை எழுதி வைக்கிறது. அக்குறிப்பிற்கு அடுக்குத் தடம் என்று பெயர். ஒரு பள்ளி அலுவலகத்தைக் கொண்டு இதனை விளக்கலாம். தலைமையாசிரியர் ஒரு சான்றிதழ் கேட்டு எழுத்தரிடம் சீட்டு அனுப்புகிறார். எழுத்தர் அச்சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு, பழைய பதிவேட்டைக் கேட்டு அலுவலக உதவியாளருக்கு வேறொரு சீட்டு எழுதுகிறார். உதவியாளர் அலமாரியின் சாவியைக் கேட்டு இன்னொருவருக்கு எழுதுகிறார். சாவி இல்லை, வேலை நின்றுவிடுகிறது. அப்போது சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், மேலே இருப்பது வேலை நின்ற இடம். கீழே இருப்பது வேலை தொடங்கிய இடம். அடுக்குத் தடமும் இத்தகையதே.

அத்தடத்தின் முதல் வரி, நேர்ந்த பிழையின் வகையைக் கூறும். அடுத்தடுத்த வரிகள் எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் வேலை நின்றது, அந்த வேலையை யார் யாரிடம் ஒப்படைத்தார் என்பதைக் கூறும். ‘இதனால் விளைந்தது’ என்னும் குறிப்புடன் உள்ளே வேறொரு பிழை மறைந்திருப்பதும் உண்டு. தடத்தின் பெரும்பகுதி இயங்குதளத்தின் கோப்புகளாகவே இருக்கும். அவற்றினிடையே தாம் எழுதிய கோப்பின் பெயர் முதலில் எங்கே வருகிறது என்று காண்பதே பயிற்சி பெற்ற நிரலாளரின் முதல் வேலை.

வெளியிடப்பட்ட செயலிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோப்பின் அளவைக் குறைப்பதற்காக நிரலில் உள்ள பெயர்கள் ஓரெழுத்துப் பெயர்களாகச் சுருக்கப்படும். அந்நிலையில் தடத்தைப் படித்தால் பொருளற்ற எழுத்துகளே தெரியும். சுருக்கிய பெயருக்கு உரிய மூலப்பெயரைக் காட்டும் இணைப்புக் கோப்பைக் கொண்டு அதனை மீட்டெடுத்த பின்னரே ஆராய்ச்சியைத் தொடங்க வேண்டும்.

உலகெங்கும் உள்ள பயனர்களின் திறன்பேசிகளில் நேரும் முடக்கங்களைத் திரட்டித் தருவதற்கு ‘ஃபயர்பேஸ் கிராஷ்லிடிக்ஸ்’ போன்ற சேவைகள் உள்ளன. ஒரு நாளில் செயலியைப் பயன்படுத்துவோரில் 1.09 விழுக்காட்டினரோ அதற்கு மேற்பட்டோரோ முடக்கத்தைக் கண்ணெதிரே கண்டால், அதனைத் தரக்குறைவாகக் கருதுகிறது கூகுளின் பிளே அங்காடி. அங்காடியில் அச்செயலி பலர் கண்ணில் படுவதும் குறையக்கூடும். நூற்றில் ஒருவருக்கு நேரும் முடக்கமும் புறக்கணிக்கத்தக்கது அன்று என்பதே இதன் பொருள்.

உதவிக்கருவியின் இயல்பு

2018 ஆம் ஆண்டு ஃபேஸ்புக் நிறுவனம் ‘சேப்ஃபிக்ஸ்’ என்னும் கருவியை அறிமுகம் செய்தது. தானியங்கிச் சோதனையில் ஆண்ட்ராய்டு செயலி முடங்கினால், அம்முடக்கத்தைத் தீர்க்கும் திருத்தத்தை அக்கருவி தானே வரைந்து, சோதித்து, பொறியாளரின் பார்வைக்கு அனுப்பியது. ஏற்பதும் மறுப்பதும் பொறியாளரின் உரிமையாகவே இருந்தன.

2021 இல் ‘கிட்ஹப் கோபைலட்’டும் 2022 நவம்பரில் ‘சாட்ஜிபிடி’யும் வந்தன. இயல்பான மொழியில் வினவினால் நிரலைக் குறித்து விளக்கும் உதவிக்கருவிகள் அதன்பின் பெருகின. ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதும் மென்பொருளிலேயே இத்தகைய உதவியாளரைக் கூகுள் 2023 இல் இணைத்தது. இன்று முடக்கக் குறிப்பை விளக்குக என்று கேட்டால், சில நொடிகளில் விளக்கம் கிடைக்கிறது.

இக்கருவிகளின் உள்ளே இருப்பது பெருமொழி மாதிரி. அளவற்ற உரைகளையும் நிரல்களையும் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட அம்மாதிரி, இதுவரை வந்த சொற்களை நோக்கி, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கணித்து விடையை அமைக்கிறது. எனவே, உலகில் பலருக்கும் பலமுறை நேர்ந்த பிழையை அது எளிதில் இனங்காணும். பட்டியலின் எல்லை மீறல், வெற்றுச் சுட்டு, அனுமதி பெறாமல் ஒளிப்படக்கருவியைத் திறத்தல் ஆகியவை அத்தகையன. அனுபவம் மிக்க நிரலாளர் அரைமணி நேரம் தேடும் விளக்கத்தை அரை நிமிடத்தில் தரும். தொடக்கநிலை மாணவருக்குத் தடத்தின் ஒவ்வொரு வரியையும் பொறுமையாக விளக்கும்.

அதன் குறைகளும் அதே இயல்பிலிருந்தே பிறக்கின்றன. உரையாடலில் ஒட்டப்பட்ட நிரலை மட்டும் கண்டு விடை கூறும் கருவி, அதனை இயக்கிப் பார்ப்பதில்லை. சோதனைகளை இயக்கவும் கோப்புகளைத் திருத்தவும் வல்ல முகவர் வகைக் கருவிகளும் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட எல்லைக்குள்ளேயே பார்க்கின்றன. மேலும், சரியான விடையையும் தவறான விடையையும் ஒரே உறுதியோடு எடுத்துரைக்கும் நடை அவற்றுக்கு உண்டு. நடையின் தெளிவைக் கருத்தின் உண்மையாகக் கொள்பவர் ஏமாறுவர்.

வகுப்பறைச் செயலி: ஓர் எடுத்துக்காட்டு

கருவியின் நன்மையையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் கற்பனைச் சூழல் ஒன்று இங்கே விளக்கத்திற்காகத் தரப்படுகிறது. ஒரு மேல்நிலைப் பள்ளியின் மாணவர்கள் சிலர், வருகைப்பதிவுச் செயலி ஒன்றைக் கோட்லின் மொழியில் உருவாக்கினர். வகுப்பைத் தெரிவு செய்தால் மாணவர் பட்டியல் விரியும். ஒவ்வொரு பெயரின் அருகிலும் அப்பெயரின் முதலெழுத்து ஒரு வட்டத்துள் தோன்றும். சில வாரங்கள் செயலி நன்கு இயங்கியது. ஒருநாள் காலை, பதினொன்றாம் வகுப்பின் பட்டியலைத் திறந்தவுடன் முடங்கியது. மற்ற வகுப்புகளின் பட்டியல்கள் பழுதின்றித் திறந்தன.

அடுக்குத் தடத்தின் முதல் வரி, எழுத்துச்சரத்தின் எல்லை மீறப்பட்டது என்றும், சரத்தின் நீளம் 0, கேட்கப்பட்ட இடம் 0 என்றும் கூறியது. அதாவது, ஓரெழுத்தும் இல்லாத பெயரின் முதலெழுத்தைச் செயலி கேட்டிருக்கிறது. மாணவர்கள் தடத்தையும் உரிய நிரற்பகுதியையும் உதவிக்கருவியிடம் அளித்து, “இம்முடக்கத்தைச் சரிசெய்க” என்று பணித்தனர். கருவி பிழையின் வகையைச் சரியாகவே விளக்கியது. பின்னர், பிழை நேரும் பதிவைத் தாண்டிச் சென்று அடுத்த பதிவைக் காட்டுமாறு நான்கு வரித் திருத்தம் தந்தது. திருத்தத்தைச் சேர்த்தனர். பட்டியல் திறந்தது. முடக்கம் நீங்கியது.

வகுப்பில் 42 மாணவர்கள் இருந்தனர். பட்டியலில் 41 பெயர்களே தெரிந்தன. செயலி நிற்கவில்லை ஆதலால் எவரும் ஐயுறவில்லை. நான்கு நாள்களுக்குப் பின் வகுப்பாசிரியர் வருகைத்தொகையைக் கூட்டிப் பார்த்தபோதுதான், இடையில் சேர்ந்த மாணவி ஒருவர் நாள்தோறும் பள்ளிக்கு வந்தும் ஒரு நாளும் வருகை பெறாதது தெரிய வந்தது. முடங்கிய செயலி, அம்மாணவியின் பதிவில் குறை இருப்பதைக் கூறிக்கொண்டிருந்தது. ‘சரிசெய்யப்பட்ட’ செயலியோ அம்மாணவியையே மறைத்துவிட்டது.

இங்கே தவறு கருவியினது மட்டுமன்று. கேட்ட வினாவினதும் ஆகும். முடக்கத்தை நீக்கும்படி கேட்டனர். அது முடக்கத்தை நீக்கிற்று. மாணவர்கள் வினாவை மாற்றினர். “பெயர் வெற்றாக இருக்கக் காரணங்கள் எவையாக இருக்கலாம்? ஒவ்வொன்றையும் சரிபார்க்கும் வழி யாது?” என்று கேட்டனர். கருவி மூன்று காரணங்களைத் தந்தது: பெயரை இடாமலே ஆசிரியர் பதிவைச் சேமித்திருக்கலாம், விரிதாளிலிருந்து விவரங்களை ஏற்றும்போது பெயர் விடுபட்டிருக்கலாம், சேவையகம் முழுமையற்ற விவரத்தை அனுப்பியிருக்கலாம். ஒவ்வொன்றையும் மாணவர்கள் தாமே சோதித்தனர். முதலாவது பொருந்தவில்லை, பெயரின்றிச் சேமிக்கச் செயலி இடந்தரவில்லை. மூன்றாவதும் பொருந்தவில்லை; சேவையகத்திலும் பெயர் வெற்றாகவே இருந்தது. இரண்டாவதே உண்மை. ஆண்டின் தொடக்கத்தில் ஏற்றிய விரிதாளில் அந்நிரலின் தலைப்பு ‘பெயர்’ என்று இருந்தது. இடையில் சேர்ந்தோருக்கான விரிதாளிலோ ‘மாணவர் பெயர்’ என்று இருந்தது. பழைய தலைப்பையே தேடிய செயலி, அது கிடைக்காமையால் வெற்றுப் பெயரை எழுதிவிட்டது.

இவ்வாறு, பட்டியலைக் காட்டும் பகுதியில் வெளிப்பட்ட பிழையின் வேர், விவரத்தை ஏற்றும் பகுதியில் இருந்தது. தலைப்பு பொருந்தாவிடில் ஏற்றுவதை நிறுத்தி, காரணத்தைத் தெளிவாக அறிவிக்குமாறு அப்பகுதியைத் திருத்தினர். மாணவியின் பெயரை நிரப்பினர். விடுபட்ட நான்கு நாள் வருகையையும் ஆசிரியர் பதிந்தார். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பிறகே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவர்க்கு வகுத்த முறை, நிரலாளர்க்கும் பொருந்துவதே.

எழுத்தும் எண்ணும்

அச்செயலியில் இன்னொரு குறையும் வெளிப்பட்டது. கீர்த்தனா என்னும் பெயரின் அருகில் இருந்த வட்டத்துள் ‘கீ’ தோன்றவில்லை, ‘க’ தோன்றியது. இதனால் செயலி முடங்கவில்லை ஆதலின் எந்தத் தடமும் பதிவாகவில்லை.

தமிழ் இலக்கணப்படி ‘கீ’ ஓர் எழுத்து; உயிர்மெய். ஆனால், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் ஒருங்குறி முறையில் உயிர்மெய் எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி இடம் இல்லை. ‘க’ என்பதற்கு ஒரு குறியெண்ணும், ஈகாரத்தின் துணைக்குறிக்கு மற்றொரு குறியெண்ணும் உள்ளன. இரண்டும் அடுத்தடுத்து வரும்போது அவற்றை இணைத்துத் திரையில் ‘கீ’ என்று வரைவது எழுத்துருவின் வேலை. ஆகவே, ‘முதலெழுத்தைத் தருக’ என்று எண்ணி எழுதிய கட்டளை, உண்மையில் முதற்குறியை மட்டுமே தந்தது. ஆங்கிலப் பெயர்களைக் கொண்டு சோதித்திருந்தால் இக்குறை என்றும் தெரிந்திராது.

இதற்குரிய தீர்வு, மக்கள் ஓரெழுத்தாகக் கருதும் குறிகளின் தொகுதியைப் பிரித்துத் தரும் வசதியைப் பயன்படுத்துவது. ஆண்ட்ராய்டு நிரலகத்தில் அவ்வசதி உள்ளது. தமிழ்ப் பெயரை எடுத்துக்காட்டாகக் கூறிக் கேட்டபோது, உதவிக்கருவி அதனைச் சுட்டியது, கூறாதபோது சுட்டவில்லை. எழுத்தின் இலக்கணம் அறிந்தவரே கேட்கவேண்டிய வினாவையும் அறிவர்.

காட்டாத இடத்தில் இருக்கும் பிழை

எழுத்துகளை இணைத்து வரைவது எளிய செயலன்று என்பதை 2018 பிப்ரவரியில் உலகம் கண்டது. ஆப்பிள் திறன்பேசிகளின் 11 ஆம் பதிப்பு இயங்குதளத்தில், குறிப்பிட்ட ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து திரையில் தோன்றினால் செயலிகள் முடங்கின. ஞானம் என்னும் பொருளுடைய தெலுங்குச் சொல்லின் முதலில் வரும் கூட்டெழுத்தின் ஒரு வடிவம் அது. அக்கூட்டெழுத்துடன் வந்த செய்தியைத் திறந்த செய்திச் செயலிகள் மீண்டும் மீண்டும் முடங்கின. குறை அச்செயலிகளில் இல்லை. எழுத்தை வரையும் இயங்குதளப் பகுதியில் இருந்தது. அம்மாதமே வெளிவந்த 11.2.6 பதிப்பு அதனைத் தீர்த்தது.

2020 மே 6 அன்று ஐபோன்களில் ஸ்பாட்டிஃபை, பின்டரெஸ்ட், டிக்டாக் உள்ளிட்ட பல செயலிகள் திறந்தவுடன் முடங்கின. அவற்றின் நிரலில் அன்று எவரும் எதையும் மாற்றவில்லை. அவை தம்முள் இணைத்திருந்த ஃபேஸ்புக் மென்பொருள் தொகுப்பு, தன் சேவையகத்திலிருந்து எதிர்பாராத வடிவில் வந்த விவரத்தைக் கையாள இயலாமல் நின்றதே காரணம். 2021 மார்ச்சில் ஆண்ட்ராய்டின் இணையக்காட்சிக் கூறு ஒன்றன் புதிய பதிப்பால் ஜிமெயில் முதலிய செயலிகள் முடங்கியதும் இவ்வகையினதே.

உதவிக்கருவியைப் பயன்படுத்துவோர்க்கு இந்நிகழ்வுகள் உணர்த்தும் பாடம் பெரிது. ஒரு கோப்பை மட்டும் காட்டி, ‘பிழை எங்கே?’ என்று வினவினால், கருவி அக்கோப்பிலேயே ஏதேனும் ஒரு பிழையைக் காட்டும் வாய்ப்பு மிகுதி. காட்டாத இடத்தில் இருக்கும் பிழையை அது காணாது. எப்போது தொடங்கியது, எந்தப் பதிப்பில், எத்தகைய திறன்பேசியில், எல்லார்க்குமா சிலர்க்கா என்னும் விவரங்களைத் திரட்டுவது மனிதரின் கடமை. ஒரே நேரத்தில் தொடர்பில்லாத பல செயலிகள் முடங்கினால், வேர் அவற்றுக்குப் பொதுவான இடத்தில் இருக்கிறது என்று உய்த்துணர்வதும் மனித அறிவின் வேலையே.

காக்க வேண்டியவை

முடக்கக் குறிப்புகளில் பிழை பற்றிய செய்திகள் மட்டும் இருப்பதில்லை. பயனரின் பெயர், தொலைபேசி எண், இருப்பிடம், சேவையகத்தைத் திறக்கும் மறைச்சொல் ஆகியனவும் கலந்திருக்கக்கூடும். அவற்றை அப்படியே ஓர் உதவிக்கருவியில் ஒட்டுவது, பிறருடைய கடிதத்தைத் தெருவில் படிப்பதற்கு ஒப்பாகும். இந்தியாவில் 2023 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் விவரங்களைக் கையாள்வோர்க்குக் கடமைகளை வகுத்துள்ளது. எனவே, உண்மைப் பெயர்களையும் எண்களையும் நீக்கி, அவற்றின் இடத்தில் போலி விவரங்களை இட்ட பின்னரே குறிப்பை அளித்தல் வேண்டும்.

கருவி பரிந்துரைக்கும் நிரற்றொகுப்புகளிலும் விழிப்பு வேண்டும். உண்மையில் இல்லாத தொகுப்பின் பெயரை அது இருப்பதுபோலவே கூறுவது உண்டு. அப்பெயரிலேயே தீங்கான தொகுப்பை உருவாக்கி இணையத்தில் வைத்து, தேடி வருவோரைச் சிக்கவைக்கும் வஞ்சகத்திற்கும் அது வழிவகுக்கும். யார் உருவாக்கியது, எத்தனை காலமாக உள்ளது, பிறர் பயன்படுத்துகின்றனரா என்று ஆராயாமல் எத்தொகுப்பையும் சேர்த்தல் கூடாது.

பிழைநீக்க நெறி

பிழைநீக்கத்தில் உதவிக்கருவியைத் துணைக்கொள்வோர் பின்பற்றத்தக்க முறையைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவது, முடக்கத்தை மீண்டும் நிகழ்த்திப் பார்த்தல். விரும்பும்போது நிகழ்த்த முடியாத முடக்கம் தீர்ந்துவிட்டதா என்று சோதிக்கவும் முடியாது.

இரண்டாவது, தடத்தைத் தாமே ஒருமுறை படித்தல். தாம் என்ன நினைக்கிறோம் என்பதை எழுதி வைத்த பின்னர்க் கருவியின் விளக்கத்தை ஒப்பிட்டால் கற்றல் நிகழும். இல்லையேல் நகலெடுத்தலே நிகழும்.

மூன்றாவது, திருத்தத்தைக் கேட்கும் முன் காரணத்தைக் கேட்டல். ஒரே காரணத்தோடு நில்லாமல், வாய்ப்புள்ள பல காரணங்களையும் அவற்றைப் பொய்ப்பிக்கும் சோதனைகளையும் கேட்டல் நன்று.

நான்காவது, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்தல். ஐந்து மாற்றங்களை ஒருங்கே சேர்த்துச் செயலி சீரானால், எது மருந்து, எது தேவையற்றது என்பது விளங்காது.

ஐந்தாவது, பிழைக்கு ஒரு சோதனை எழுதுதல். வெற்றுப் பெயர், தமிழ்ப் பெயர், மிக நீண்ட பெயர் ஆகியவற்றைக் கொண்டு எழுதிய சோதனை, அதே பிழை பிற்காலத்தில் மீண்டும் நுழையாமல் காவல் புரியும்.

ஆறாவது, புதிய பதிப்பைச் சிறு பகுதியினர்க்கு முதலில் வெளியிட்டு, முடக்கம் குறைந்ததை உறுதி செய்த பின் அனைவர்க்கும் வழங்குதல். அங்காடிகள் இதற்கு வசதி செய்துள்ளன.

இவ்வாறிலும் கருவி துணைநிற்கலாம். ஆனால், விளக்க முடியாத திருத்தத்தை ஏற்காமை என்னும் உறுதி மனிதரிடமே இருக்க வேண்டும். ‘இவ்வரி ஏன் சேர்க்கப்பட்டது?’ என்று உடன் பணியாற்றுபவர் வினவும்போது, ‘கருவி கூறியது’ என்பது விடையாகாது.

விடை கிடைப்பது இன்று எளிதாகிவிட்டது. வினாவைச் சரியாக எழுப்புவதும், கிடைத்த விடையை ஐயுற்றுச் சோதிப்பதும் முன்னினும் அரியனவாகவும் தேவையானவையாகவும் ஆகியுள்ளன. ஒவ்வொரு செயலியின் மறுமுனையிலும் ஒரு மனிதர் இருக்கிறார். பயணச்சீட்டுக்காகக் காத்திருப்பவர், மருத்துவமனை முன்பதிவுக்காகத் திரையைத் தொடுபவர், பட்டியலில் தன் பெயர் இருப்பதாக நம்பி வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவி என அவர் எவராகவும் இருக்கலாம். செயலி நிற்காமல் ஓடுகிறதா என்பதோடு, அவருக்கு அது உண்மையாகப் பயன்படுகிறதா என்பதையும் உறுதி செய்யும்போதே பிழைநீக்கம் முழுமை பெறுகிறது.

கற்பவை கற்றபின்

1. திறன்பேசிச் செயலி ஒன்று முடங்கிய நிகழ்வை நினைவுகூர்ந்து, அது நிகழ்ந்த சூழல், திறன்பேசியின் வகை, மீண்டும் நிகழ்ந்ததா என்னும் விவரங்களுடன் ஒரு பிழை அறிக்கை எழுதுக.

2. ‘நிற்காமல் தவறு செய்யும் கருவி, நின்றுவிடும் கருவியினும் தீங்கானது’ – இக்கருத்தை வங்கி, மருத்துவமனை, தேர்வுத்துறை ஆகியவற்றுடன் பொருத்தி வகுப்பில் கலந்துரையாடுக.

3. உயிர்மெய் எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள் பத்தினைத் தொகுத்து, ஒவ்வொன்றின் முதலெழுத்தும் கணினியில் எத்தனை குறிகளால் ஆகியிருக்கும் என்று ஆராய்ந்து பட்டியலிடுக.